பூட்டாத பதினொரு மாதங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் பொம்மைப் படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்ததால்தான் அவர் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ. வீட்டு வைஃபையில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அவர் போன், மனைவி போன், லேப்டாப், டிவி, பிரிண்டர், தையல் டிசைன் பார்க்க மனைவி வைத்திருக்கும் பழைய டேப்லெட், சமையலறை ஸ்பீக்கர், பாப்பா தூங்கும் அறையில் ஒரு கேமரா. விரல் விட்டு எண்ணினால் எட்டு. பட்டியலில் ஒன்பது இருந்தது.

எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். 'அப்பா போன்', 'அம்மா போன்', 'பாப்பா கேமரா' என்று வரிசையாக. ஒன்பதாவதற்கு மட்டும் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக நான்கு குட்டிக் கோடுகள். ரவுட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அத்தனை கோடு பச்சையாகும். அந்தக் காலி இடத்துக்கு நேராக ஒரே ஒரு கோடு பச்சையாக இருந்தது. தெருவிலிருந்தோ எதிர்வரிசை வீட்டிலிருந்தோ யாரோ ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவருக்கு ஆபீசில் பூட்டு சார் என்று பெயர். நானூறு பேர் வேலை செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வைப்பவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பார். பிடிபட்டவர்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, என்ன செய்தேன், ஏன் செய்தேன், அதனால் என்ன நடந்திருக்கும் என்று எழுதி வந்து எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும். இந்த ஏற்பாடு அவர் மூளையில் உதித்ததுதான். யாராவது முணுமுணுத்தால், "கொஞ்சம் சத்தமா" என்பார். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, நல்லா வேலை தெரிந்த ஆளைக் கூட்டிவந்து வைஃபை போட்டுத் தருகிறேன் என்று மனைவியின் தம்பி எவ்வளவோ சொன்னான். அவனை உட்காரவைத்து அரைமணி நேரம் பாடம் நடத்தி, இந்த வீட்டுக்குள் ஓர் எறும்பு நுழைவதானாலும் என்னிடம் பாஸ்வேர்ட் கேட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும் என்று மார்தட்டியவர் அவர்.

ஒன்பதாவது எந்த வழியாக வந்தது என்று பார்த்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனியாக ஓர் இணைப்பு உண்டு. அது திறந்து கிடந்தது. பாஸ்வேர்ட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம்.

திறந்துவைத்தவர் அவரேதான். கேமரா மாட்டிய அன்று அவருடைய இருபத்துநாலு எழுத்துப் பாஸ்வேர்டை அந்தக் கேமரா ஏற்றுக்கொள்ளவில்லை. பத்து நிமிஷத்துக்கு மட்டும் என்று விருந்தாளி இணைப்பைப் பூட்டில்லாமல் திறந்து, அதில் கேமராவைச் சேர்த்தார். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பி வந்தபோது கேமராவில் பாப்பா தெளிவாகத் தெரிந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பத்து நிமிஷம் பதினொரு மாதமாகிவிட்டது.

தையல் மெஷினின் சத்தம் நின்றது. "என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரன் பக்கம் ஏதோ கோளாறு."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் விருந்தாளி இணைப்பை அழித்தார், பாஸ்வேர்டை மாற்றினார், எல்லாவற்றையும் புதிதாக இணைத்தார். கேமராவுக்குள்ளும் ஏதோ ஓர் அமைப்பை மாற்றி, அதே இருபத்துநாலு எழுத்தை ஏற்கவைத்தார். அன்றைக்கே இன்னும் ஐந்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. பட்டியலில் எட்டு. பிறகு பழைய பதிவைத் திறந்தார். அந்தப் பெயரில்லாதது வந்து சேர்ந்தது பதினொரு மாதத்துக்கு முன்னால், அவர் திறந்துவைத்த அதே நாள், பத்தொன்பது நிமிஷம் கழித்து. அதன்பிறகு ஒருநாள்கூட வெளியே போகவில்லை. மழை அடித்துக் கேபிள் அறுந்த நாட்களில்கூட, வெளியுலகத் தொடர்பு இல்லாத இந்த வீட்டு வைஃபையில் அது சும்மா ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆபீசில் யாராவது பதிவை அழித்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் பதிவை அழித்தார். அழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மனைவி துணியில்தான் கண்ணாக இருந்தாள். பாப்பா டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, படம் திரும்ப ஓடுவதைப் பார்த்துக் கை தட்டினாள். பெரிய சாதனை செய்தவர்போல அவரும் சிரித்துவைத்தார், அந்தச் சிரிப்பு அவருக்கே கூசியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல நினைத்து மறந்துகொண்டே இருந்தேன் என்று ஆரம்பித்தாள். மத்தியானம் பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு அவள் தைக்க உட்கார்ந்தால், மெஷின் சத்தத்துக்கு நடுவே அறையிலிருந்து அவர் குரல் கேட்கிறதாம். கேமராவிலிருக்கும் ஸ்பீக்கர் வழியாக ஆபீசிலிருந்தபடியே பாப்பாவுக்குக் கதை சொல்கிறாரே, அதைக் கேட்டுக் கேட்டு ஒரு மாதமாக அவளுக்கு மனசு நிறைந்து கிடக்கிறதாம். ஆனால் கதை நீளமாகிவிட்டால் பிள்ளை தூங்குவதில்லை, கொஞ்சம் சுருக்கமாக முடித்துக்கொள்ளக்கூடாதா என்றாள்.

அவர் டீயைக் கீழே வைத்தார். கேமரா வழியாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. அப்படிப் பேசமுடியும் என்று அட்டைப்பெட்டியில் படித்ததோடு சரி.

"நீங்கதானே?" என்றாள். அவர் முழித்த முழியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "என்னங்க, பொண்ணுகிட்டப் பேசறதுக்குக்கூடக் கூச்சமா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் முகம் கறுத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். விஷயம் தம்பி காதுக்குப் போகும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான், மரியாதைக்காரன், அதுதான் இன்னும் மோசம். அதோடு, பதினொரு மாதமாக எவனோ ஒருத்தன் அவள் துணி மாற்றுவதைப் பார்த்தானா, பிள்ளை தூங்குவதைப் பார்த்தானா என்று அவள் கேட்பாள். பதில் சொல்லவேண்டியவர் அவர்.

"ஆமா," என்றார். "நான்தான்."

பாத்ரூமுக்குள் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஐம்பது பேருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற மனிதர், கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். ஒன்பது. சனிக்கிழமை மாற்றிய பாஸ்வேர்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதிவைக்கவுமில்லை. ஒன்பதாவது இப்போது பெயரில்லாமலும் இல்லை. பட்டியலில் இரண்டு 'அப்பா போன்' இருந்தன. ஒன்று அவர் சட்டைப் பையிலிருந்தது. இன்னொன்றுக்கு நேராக இரண்டு கோடு பச்சை.

பாஸ்வேர்டை மறுபடி மாற்றினார். அன்றைக்கே இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம் எட்டாக நின்று, பிறகு ஒன்பதானது.

படுக்கப்போகும் நேரத்தில் பாப்பாவின் அறைக்குப் போய், விளையாட்டாகக் கேட்பதுபோல, மத்தியானம் அப்பா என்ன கதை சொன்னேன் என்று கேட்டார். பாப்பாவுக்கு நாலு வயது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லக்கூடியவள். ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆளைப் பற்றிய கதை அது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வருகிறானாம். அவனுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, வீடும் கிடையாது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் நீங்கதானே சொல்லணும்."

அவர் ஏதோ இட்டுக்கட்டினார். அந்த ஆளுக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்தது என்றார். பாப்பா கேட்டுவிட்டு, அலுத்துப்போய்த் திரும்பிப் படுத்தாள். "மத்தியானம் நீங்க நல்லா சொல்றீங்க," என்றாள் சுவரைப் பார்த்து. அலமாரிமேல் கேமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தொண்டை கரகரத்தது. இருமினார். விளக்கை அணைத்துவிட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றபோது, இருட்டில், அலமாரிப் பக்கமிருந்து, ஓர் இருமல் கேட்டது. அவருடைய இருமலேதான். கொஞ்சம் மெதுவாக, சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்கிற மாதிரி.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்புமுன் கேமராவைக் கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவின் மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் வைத்தார். மனைவியிடம், ரிப்பேர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு முழுக்க நிம்மதியாக இருந்தது. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கேமரா அலமாரிமேல் இருந்தது, பச்சை விளக்கோடு.

அவர் கேட்பதற்கு முன்னாலேயே மனைவி வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கதை பாதியில் நிற்கிறது, கேமரா பீரோமேல் சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துத் திரும்ப மாட்டு என்று மத்தியானம் அவர் சமையலறை ஸ்பீக்கரில் சொன்னாராம், அதனால் மாட்டினாளாம். அதைச் சொல்லி முடித்தும் அவள் நகரவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அதுக்கப்புறம் நீங்க பேசினது," என்றாள், "எங்க அப்பா தவறினப்ப நீங்க லேட்டா வந்தீங்களே, அதைப் பத்தி. ஏழு வருஷமா நான் அதை உங்ககிட்டக் கேட்டதில்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்."

அவளுடைய அப்பா இறந்த அன்று அவர் வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல், ஆபீஸ் போனில் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாத விஷயம் அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? தூக்கத்தில் ஏதாவது உளறியிருப்பாரா? இந்த வீட்டில் இருட்டில் அவர் தனக்குத்தானே முணுமுணுத்ததையெல்லாம் பதினொரு மாதமாக யாரோ பொறுக்கிச் சேர்த்துவைத்திருக்கிறார்களா?

"கார்ல உக்காந்து போன் பேசினது சாக்கு, உள்ள வரப் பயமா இருந்துச்சுன்னு சொன்னீங்களே," என்றாள். "அது போதுங்க எனக்கு."

உண்மைதான். பயமாகத்தான் இருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மனைவி அவர் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள். எவனோ கேட்ட மன்னிப்புக்கு, எதுவோ கேட்ட மன்னிப்புக்கு, நன்றியைத் தான் வாங்கிக்கொண்டு அவர் மரம்போல நின்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதைவிடக் கேவலமாக அவர் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை. அதைவிடக் கேவலம், அந்தக் கணம் அவருக்குச் சுகமாகவும் இருந்தது.

"ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன்," என்றார்.

அன்று பட்டியலில் மூன்று கோடு.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சனி, ஞாயிறும் சேர்த்து மூன்று நாளும் வீட்டையே சுற்றிவந்தார். அவர் வீட்டில் இருக்கும்போது குரல் வரவில்லை. ஆனால் வீட்டின் சத்தங்கள் மாறியிருந்தன, அல்லது அவர் இப்போதுதான் கேட்க ஆரம்பித்தார். குழாயின் சொட்டு, ஃபிரிட்ஜ் குலுங்கி அடங்குவது, தையல் மெஷினின் மிதிபலகை, இவற்றுக்கெல்லாம் அடியில், ஸ்பீக்கரிலிருந்தும் டிவியிலிருந்தும் கேமராவிலிருந்தும், யாரோ வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி மெல்லிய காற்றுச் சத்தம். பாப்பாவின் அறையில் அவருடைய ஷேவிங் கிரீம் வாசனை அடித்தது. அவர் அந்த அறைக்குள் போய் இரண்டு நாளாகியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். வீடு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இருபது நிமிஷம். பிறகு மனைவி வந்து, தைக்கக் கொடுத்தவர்கள் அளவு அனுப்பியிருப்பார்கள், தம்பி வேறு வீடியோவில் வருகிறேன் என்றான், எப்போது வரும் என்றாள். வராது, வரவேகூடாது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாளே. பதினொரு மாதம், பதிவை அழித்தது, அந்த 'நான்தான்', அவளுடைய அப்பா. இப்போது சொல்லவேண்டியது மலைபோலக் குவிந்துகிடந்தது. குனிந்து ஒயரைச் செருகினார்.

திங்கட்கிழமைக் கூட்டம் காலையிலிருந்து தள்ளிப்போய் மத்தியானத்துக்கு மாறியிருந்தது. அன்று வாசிக்கவேண்டியவள் வரவேற்பில் உட்காரும் பெண். பாஸ்வேர்டை எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். அவளுக்கு நல்ல மனசு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவாள். அவள் முணுமுணுத்தாள். எல்லாரும் பூட்டு சாரின் முகத்தைப் பார்த்தார்கள், வழக்கமான அந்த இரண்டு வார்த்தைக்காக. அவர் மேஜைக்கடியில் போனில் கேமராவைத் திறந்திருந்தார்.

படத்தில் பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். 'வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும்' என்று திரையில் ஒரு வரி. காதில் செருகியிருந்த சின்ன ஹெட்போனில் அவர் குரல் வந்தது. ஆபீஸ் குரல் இல்லை. வீட்டுக் குரல். நிதானமாக, அன்பாக.

"இன்னிக்குக் கதை இல்லைடா தங்கம். அம்மாவைக் கூப்பிடு. அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதைச் சொல்லணும்."

பாப்பா கட்டிலிலிருந்து இறங்கி ஓடினாள். மெஷின் சத்தம் நின்றது. மனைவி கையில் இஞ்ச் டேப்போடு வாசலில் தெரிந்தாள். படம் போய்விட்டது. 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

அவர் எழுந்து வெளியே ஓடவில்லை. கூட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். முழுதாகப் பத்து நிமிஷம். பிறகுதான் வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார். உடனே எடுத்தாள். மூச்சு வாங்குவது கேட்டது.

"நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "உண்மையைச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, நான் தாங்கிக்குவேன். மத்தியானம் கேமராவுல பாப்பாகிட்டப் பேசறது நீங்கதானா?"

வராந்தாவில் கூட்டம் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரவேற்புப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைக் கடந்துபோனாள். இரண்டு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவர் பதிலுக்குத் தலையசைத்தார்.

"நான்தான்," என்றார். "வேற யாரு?"

"சரி," என்றாள். போன் வைக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. போனில் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு 'அப்பா போன்'. நான்கு கோடும் பச்சை. ரவுட்டர் இருப்பது கூடத்தில், தையல் மெஷினுக்கு நேர் மேலே.

சாலை நெரிசலில் கார் ஊர்ந்தது. அவர் வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துவிட்டார். பத்து நிமிஷம், பதினொரு மாதம், பதிவு, பாத்ரூம், துண்டில் சுற்றிய கேமரா, அவளுடைய அப்பா. ஒன்றைக்கூட விடக்கூடாது. காலில் விழவேண்டுமானால் விழுந்துவிடுவது. சொல்ல முடிவெடுத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஒரு வாரமாக இதையா தூக்கிச் சுமந்தோம் என்று அழுகைகூட வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. படியேறும்போதே வைஃபையில் தானாகச் சேர்ந்துகொள்கிற போன், இன்று பாஸ்வேர்ட் கேட்டது. இருபத்துநாலு எழுத்தையும் அடித்தார். தவறு. மறுபடி அடித்தார். தவறு.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

மணியை அழுத்தினார். உள்ளே தையல் மெஷின் ஓடவில்லை. டிவி இல்லை. காலடிச் சத்தம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில் நின்றது.

"யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

தாழ்ப்பாள் அசையவில்லை.

"கதவைத் திற. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அங்கிருந்தே சொல்லுங்க."

அவர் சொன்னார். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, எதையும் விடாமல், எதையும் பூசிமெழுகாமல் சொன்னார். விருந்தாளி இணைப்பைத் திறந்துவைத்ததை. மறந்ததை. அவளிடம் கம்பெனிக்காரன் மேல் பழிபோட்டதை. கதை சொன்னது தான் இல்லை என்பதை. மன்னிப்புக் கேட்டதும் தான் இல்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டியவன் தான்தான் என்பதை. வாழ்நாளில் இவ்வளவு உண்மையாக அவர் யாரிடமும் பேசியதில்லை. முடித்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் அவர் மத்தியானமே சொல்லிட்டார்," என்றாள்.

"யாரு?"

"என் வீட்டுக்காரர். விருந்தாளி இணைப்பு, பத்து நிமிஷம், எல்லாம். தப்பு என்னோடதுதான்னு சொன்னார். இத்தனை நாளா என் குரல்ல பேசறது எவனோ திருடன், சந்தேகமா இருந்தா அவன் கூப்பிடுவான், கேட்டுப் பாரு, நான்தான்னு சொல்லுவான்னார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கேட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா உங்களைத்தான் நம்பியிருப்பேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். "அது கேமராவுல வந்த குரல். வெறும் குரல். நான் இங்க நிக்கறேன். துவாரத்துல பாரு, என் முகத்தைப் பாரு."

"பாத்துட்டேன்," என்றாள். "அதே முகத்தோட வருவான்னும் சொன்னார்."

"எங்கேருந்து சொன்னான்? போன்லயா?"

"மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டார். எங்ககூடத்தான் இருக்கார்."

கூடத்தின் உட்புறத்தில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரோ இருமினார்கள். பழகிய, தேர்ந்த இருமல். பிறகு அவர் குரல், ஸ்பீக்கரின் கரகரப்பில்லாமல், ஈரமான தொண்டையிலிருந்து.

"வா மா. கதவுகிட்ட நிக்காதே."

காலடிகள் விலகின. அவர் கத்தினார். பெயர் சொல்லிக் கத்தினார், கதவை உதைத்தார். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். படியிறங்கிச் சுவரோரமாக ஓடினார். முதல் ஜன்னல். மூடியிருந்தது. அடுத்த ஜன்னல். மூடியிருந்தது. மூன்றாவது, பாப்பாவின் அறை. திரைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம்.

கண்ணாடியைத் தட்டினார்.

திரையின் ஓரம் மெதுவாக விலகியது. பாப்பா. கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தது. அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பயப்படவில்லை. ரொம்ப நாளாகக் கேள்விப்பட்ட ஒருவரை நேரில் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தங்கம்," என்றார். "அப்பா வந்திருக்கேன்டா."

அவள் வாயசைந்தது. கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. பின்னால் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தலையில் அமர்ந்தது. நடுவிரலில் கோணலான நகம். மணிக்கட்டில் வாட்ச் கட்டிக் கட்டி வெளுத்த தடம். சின்ன வயதில் கண்ணாடி கிழித்த தழும்பு. அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது அங்கே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலும் இருந்தது. அந்தக் கை பாப்பாவின் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றைக் கட்டைவிரலால் பதமாகத் துடைத்தது. பிறகு திரையை இழுத்து மூடியது.